தன்னைத் தின்னாத வயிறு

தங்கச்சியின் மகனுக்கு ஒன்பது வயது. சோற்றுக்கு முன்னால் இருத்தினால் சாப்பாட்டைவிடக் கேள்விதான் கூட. சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அம்மா வீட்டில் கூடியிருந்தோம். ஆட்டுக்குடல் கறி. அம்மா அதை விடியவே வாங்குவித்து, சுடுதண்ணியில் போட்டு எடுத்து, சுண்ணாம்பு பூசி, கத்தியின் முதுகால் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கி, மிளகும் பெருஞ்சீரகமும் தூக்கலாகப் போட்டு, கடைசியில் கட்டிப்பால் விட்டு இறக்கியிருந்தா. பெடியன் ஒரு துண்டை விரலால் தூக்கிப் பிடித்தான். "துவாய் மாதிரி இருக்கு. இது ஆட்டின்ட என்ன?" இரைப்பை என்றேன். வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். விழுங்கினான். பிறகு கேட்டான்: "பெரியம்மா, இந்த இரைப்பை என்ட இரைப்பைக்குள்ள போய்க் கரையும்தானே? அப்ப என்ட இரைப்பை ஏன் கரையேல்லை?"

"உன்ட இரைப்பை உயிரோட இருக்கு. இது செத்தது. அதுதான்." யோசிக்காமல் வந்த பதில். அவன் தலையாட்டிவிட்டு அப்பளத்துக்குக் கை நீட்டினான். அவனுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அதற்கு என் பழைய வரலாறும் ஒரு காரணம். உயர்தரத்தில் உயிரியல் படித்து, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்று, கடைசியில் கணக்குப் பிரிவில் கதிரை தேய்ப்பவள் நான். ஆனாலும் எங்கள் வீட்டில் அரை டொக்டர் நான்தான். இரத்தப் பரிசோதனை, ஸ்கான் அறிக்கை, குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாள், எதுவானாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். நானும் வாசித்து ஏதோ சொல்லுவேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடித்துவிடும் என்று தங்கச்சி பகிடி பண்ணுவாள். சமிபாட்டுத் தொகுதியை இன்றைக்கும் படமாகக் கீறிப் பாகம் குறிப்பேன். அப்படிப்பட்ட எனக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் கேள்விக்குச் சொன்ன பதில் ஒரு பதிலே இல்லை என்று, அன்றிரவு பாத்திரம் கழுவும்போதே தெரிந்துவிட்டது. உயிரோடு இருப்பது எப்படி ஒரு கவசமாகும்? அமிலம் கையில் பட்டால் கை வேகிறது. கையும் உயிரோடுதானே இருக்கிறது?

சில கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்க்காரருக்கு மான் ஒரு புதினமே இல்லை, ரோட்டுக் குறுக்கே வந்தால் ஹோர்ன் அடிப்போம், அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு பெட்டை மான் மரநிழலில் கால்களை மடித்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. தாடை பக்கவாட்டில் அரைத்தது, நின்றது. கழுத்தின் உட்புறமாக ஒரு உருண்டை கீழே இறங்கியது. ஒரு மூச்சு விட்டதும் இன்னொரு உருண்டை கீழிருந்து மேலே ஏறி வந்தது. தோலுக்கு அடியில் ஒரு எலுமிச்சங்காய் ஓடுவது போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் பெடியனுக்குச் சொன்னதில் முதல் சொல்லே பிழை. ஆட்டுக்கும் மானுக்கும் மாட்டுக்கும் வயிற்றில் நாலு அறை. துவாய் போன்ற தோல் முதலாவது அறையுடையது. அது புல்லை ஊறவைத்துப் புளிக்கவைக்கும் ஒரு பீப்பாய். அங்கே நார்ப்பொருளை உடைக்கும் வேலையை நுண்ணுயிர்கள் பார்க்கின்றன, அமிலம் சுரப்பதில்லை. எங்களுடைய இரைப்பைக்கு ஒப்பானது நாலாவது அறை மட்டும்தான். பெடியன் மென்ற துண்டு தன் வாழ்நாளில் இரைப்பை அமிலத்தைக் கண்டதே இல்லை. (அந்த மான்களின் முதலாவது அறைக்குள் இப்போது லன்ச் சீற்றும் ஷொப்பிங் பையும் கிடக்கின்றன. எந்த நொதியமும் எந்த நுண்ணுயிரும் அங்கே அதை உடைக்காது, பந்தாகத் திரண்டு கிடக்கும், வயிறு நிரம்பியபடியே மான் மெலிந்து சாகும். கோயிலுக்கு வருகிறவர்கள் சோற்றுப் பார்சலைச் சுற்றிய தாளையாவது கையோடு கொண்டுபோகலாம்.)

லண்டனில் ஒருவர் சொன்ன அதே பதில்

வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன். என் பதிலை எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். ஜோன் ஹன்டர் என்ற லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர், 1772 இல். பிணங்களை அறுத்துப் பார்க்கும்போது சிலவற்றில் இரைப்பை கரைந்து ஓட்டையாகிக் கிடப்பதை அவர் கண்டிருக்கிறார். நோயாளிகளிடத்தில் என்றால் நோய்தான் காரணம் என்று விட்டிருக்கலாம். ஆனால் நன்றாக இருந்த மனிதர்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அடிபட்டுத் திடீரென்று செத்தவர்கள், அவர்களிடத்திலும் அதே கோலம். செத்தபிறகு இரைப்பைச் சாறு இரைப்பையையே செமித்துவிடுகிறது என்று அவர் முடிவுகட்டினார். அப்படியென்றால் உயிரோடு இருக்கும்போது ஏன் செமிப்பதில்லை? உயிர் என்ற தத்துவம் காக்கிறது என்றார். வாசித்ததும் எனக்கு ஒரு பெருமை. குடல்கறியும் சோறுமாக இருந்து நான் சொன்னதை ஒரு பெரிய மனிதர் இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாரே.

பெருமை அரை மணித்தியாலம்தான் நின்றது. அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் குளோட் பெர்னார்ட் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். வயிற்றில் துளையிட்டு வைத்திருந்த ஒரு நாயின் இரைப்பைக்குள், உயிருள்ள தவளையின் பின்னங்கால்களை நுழைத்து வைத்தார். தவளை உயிரோடு இருக்க, கால்கள் செமித்துப் போயின. பிறகு இங்கிலாந்தில் பேவி என்ற மருத்துவர் உயிருள்ள முயலின் காதை வைத்து அதையே செய்து காட்டினார். அன்றிரவு அந்தத் தவளையை நினைத்து எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. ஆனால் விடை கிடைத்துவிட்டது: உயிர் ஒரு கவசமே இல்லை. உயிருள்ள சதையும் செத்த சதையும் இரைப்பைச் சாற்றுக்கு ஒன்றுதான்.

அப்படியென்றால் காப்பது எது? இரைப்பைச் சுவரின் சுரப்பிகள் ஐதரோக்குளோரிக் அமிலத்தை விடுகின்றன, உள்ளே பி.எச். (குறையக் குறைய அமிலம் கடுமை) 1க்கும் 2க்கும் இடையில் இறங்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 2 லீற்றர் இரைப்பைச் சாறு. புரதத்தை வெட்டும் பெப்சின் அங்கே வெறுங்கத்தியாகச் சுரப்பதில்லை. பெப்சினோசன் என்று உறைக்குள் போட்ட கத்தியாகத்தான் வெளியே வரும். அமிலத்தைக் கண்டபிறகே உறை கழலும். சுரக்கும் கலத்துக்குள்ளேயே கழன்றுவிட்டால் முதல் வெட்டு அந்தக் கலத்துக்குத்தானே. அடுத்தது சீதம். சுவர் முழுக்க, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு வழவழப்பான பூச்சு. அந்தப் பூச்சுக்குள் சுவரிலிருந்து அமிலத்தை ஆற்றும் இருகாபனேற்று ஊறிக்கொண்டே இருக்கும். பூச்சின் வெளிப்பக்கம் எரிக்கும் அமிலம், உள்பக்கம் கலத்தைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட வெறும் தண்ணீரின் அளவு. தப்பித் தவறி உள்ளே கசியும் அமிலத்தை அள்ளிக்கொண்டு போக நிறையக் குருதி ஓட்டம். இவ்வளவும் இருந்தும் மேற்பரப்புக் கலங்கள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. மூன்று நாலு நாளில், கூடிப்போனால் ஐந்து நாளில், பழையது உதிர்ந்து புதியது வந்துவிடும். போன ஞாயிறு சோறு வாங்கிய அந்த உள்தோல் இன்றைக்கு இல்லை.

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இது விளங்கும். எங்கள் வீட்டு இரும்புக் கேற்றுக்கு அப்பா ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னம் துருச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார். உப்புக்காற்று எப்போதும் தின்றுகொண்டுதான் இருக்கும். அப்பா போனபிறகு இரண்டு மாரி யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது மாரியில் பிணைச்சல் கையோடு வந்துவிட்டது.

இதை அறிந்தபிறகு, பாடசாலையில் மனப்பாடம் செய்த முழுப் பாதையுமே வேறுமாதிரித் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றின் மாப்பொருளை வாயிலேயே உமிழ்நீரின் அமைலேசு வெட்டத் தொடங்குகிறது. பெடியன் மென்றதுபோல நெடுநேரம் மென்றால் வெறுஞ்சோறும் கொஞ்சம் இனிக்கும். இரைப்பைக்குள் போய் அமிலத்தில் நனைந்ததும் அந்த நொதியத்தின் கதை முடிகிறது, குடல்கறியின் புரதத்துக்கு முறை வருகிறது. அங்கே பிசைந்து கூழானதை ஒரேயடியாகக் கீழே தள்ளுவதில்லை. வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கும். கட்டிப்பாலின் கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும், "மேலே கொஞ்சம் பொறு" என்று ஒரு ஓமோன் செய்தி போகிறது. குடல்கறி சாப்பிட்ட மத்தியானம் பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் பசி எடுக்காதது அதனால்தான். அதே செய்திக்குப் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை விடும். பித்தம் கொழுப்பைப் பொடித் துளிகளாக உடைத்துக் கொடுக்கும். சதையியிலிருந்து (கணையத்திலிருந்து) வரும் சாறு அமிலத்தை ஆற்றி, பெப்சினின் வேலையை நிறுத்தி, தன் சொந்த நொதியங்களை இறக்கும். அதிலும் புரதம் வெட்டுகிற திரிப்சின் உறையோடுதான் புறப்படுகிறது. உறை கழற்றும் நொதியம் சதையியில் இல்லை, குடலின் சுவரில்தான் இருக்கிறது. வழியிலேயே கழன்றுவிட்டால் சதையி தன்னைத்தானே செமிக்கத் தொடங்கும். சதையி அழற்சி என்று ஆஸ்பத்திரியில் துடிப்பவர்களின் உள்ளே நடப்பது இதுதான். கடைசியில் அமினோ அமிலமும் குளுக்கோசும் கொழுப்பமிலமுமாக உடைந்ததைச் சிறுகுடலின் உட்சுவரில் பொடி விரல்கள்போல நீட்டி நிற்கும் சடைமுளைகள் உறிஞ்சும். அந்தச் சடைமுளைகளின் தோலும் சில நாளுக்கொருமுறை புதிதாகும்.

நான் படித்தபோது சமிபாடு என்றால் உடைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். உடைப்பது லேசான பாதி. ஒரு சட்டி அமிலமும் இறைச்சிக் கத்தியும் இருந்தால் யாரும் உடைக்கலாம். அதே சதையால் ஆன பைக்குள் வைத்து, பையைத் தொடாமல் உடைப்பதற்குத்தான் உடம்பு இவ்வளவு பாடுபடுகிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அலுவலகத்தில் இரண்டு பேரைப் பிடித்து வைத்து விளங்கப்படுத்தியும் விட்டேன்.

சாப்பிட்டிட்டுப் போடுங்கோ

அது வைகாசி. அம்மாவுக்கு முழங்கால் நோவு தொடங்கியதும் அந்த மாதம்தான். யாரோ கொடுத்த துண்டைக் காட்டி ஒரு கடையில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை வாங்கி வைத்திருந்தா. தட்டை என்னிடம் நீட்டி, "பிள்ளை, இது வயித்துக்குக் கூடாதெண்டு சொல்லுறாங்களே?" என்றா. நான் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "சாப்பிட்டிட்டுப் போடுங்கோம்மா. ஒண்டும் செய்யாது."

அந்தக் கைபேசியில் நான் என்ன வாசித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சீதத்தைப் பற்றியாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அம்மா சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், இரவுப் புட்டுச் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து, விளக்குமாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த தட்டிலிருந்து ஒன்று. நோவு குறைந்தது. கோயில் படியெல்லாம் ஏறினா. ஆவணியில் களைக்கத் தொடங்கியது. முகம் வெளிறியது. இரும்புக் குளிசையும் எழுதிக் கொடுத்தார்கள், அதையும் போட்டா. ஒரு பின்னேரம் நான் போனபோது குசினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தா, நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. "நாலு நாளாக் கறுப்பாப் போகுது பிள்ளை. இரும்புக் குளிசைக்கு அப்பிடித்தான் போகுமாம், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னவ." உண்மைதான், இரும்புக் குளிசைக்குக் கறுப்பாகப் போகும். ஆனால் குளியலறைக் கதவைத் திறந்ததுமே மணத்தில் தெரிந்துவிட்டது. தண்ணி ஊற்றியும் பீங்கானில் ஒட்டிக்கிடந்தது, தார் போல, மினுங்கிக்கொண்டு. இரும்புக் குளிசைக்கு இந்த ஒட்டும் இந்த மணமும் வராது. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அம்மா என் தோளில் சாய்ந்தபடி கேற்றைப் பூட்டினேனா என்று கேட்டுக்கொண்டு வந்தா.

அன்றிரவு இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். அடுத்த நாள் காலையில் கமரா விட்டுப் பார்த்த இளம் டொக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அம்மாவின் இரைப்பை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கீழ்ப்பகுதியில் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு குழி. குழியின் அடி வெள்ளை, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அம்மா கத்தியின் முதுகால் சுரண்டிச் சுரண்டி எடுத்த அந்த வெள்ளை கண்முன் வந்து நின்றது.

"சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட்டனான் டொக்டர்" என்றா அம்மா கட்டிலில் படுத்தபடி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னா, அது எனக்குத் தெரியும். டொக்டர் கட்டில் ஓரத்தில் சாய்ந்து நின்று ஆறுதலாகச் சொன்னார்: "அம்மா, இந்தக் குளிசை வயித்தில பட்டு மட்டும் புண்ணாக்கிறேல்லை. இரத்தத்தில கலந்து போய்த்தான் கூடச் செய்யும். ஊசியாப் போட்டாலும் வரும்."

நான் வெளியே விறாந்தையில் வந்து நின்றேன். விஷயம் எனக்குத் தெரியாததில்லை, இரண்டு துண்டாகத் தெரிந்திருந்தது, ஒட்டிப் பார்த்ததில்லை. உடம்பில் புரொஸ்ரகிளாண்டின் என்று ஒரு பொருள். முழங்காலில் அது கூடினால் வீங்கும், நோகும். அதே பொருள்தான் இரைப்பையில் சீதத்தைச் சுரக்கச் சொல்கிறது, இருகாபனேற்றை ஊறவிடச் சொல்கிறது, குருதி ஓட்டத்தைக் குறையாமல் வைக்கிறது. அஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத்தான் நிறுத்துகின்றன என்று ஜோன் வேன் 1971 இல் காட்டினார், அதற்கு 1982 இல் நோபல் பரிசும் வாங்கினார். அம்மாவின் குளிசையும் அந்த வகைதான். அதற்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது. இரண்டு இடத்திலும் நிறுத்தும். அம்மா ஒவ்வொரு இரவும் தின்ற புட்டு, அமிலத்தை ஒரு மணித்தியாலம் தாங்கியிருக்கலாம், குமட்டலைக் குறைத்திருக்கலாம். பெயின்ற் அடிக்கிறவனை வேலையை விட்டு நிறுத்தியதற்குப் புட்டு என்ன செய்யும்? சாப்பாட்டை நான் ஒரு பாயாக நினைத்திருந்தேன், குளிசைக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரித்த பாய்.

மத்தியானம் இரத்த அறிக்கை வந்தது. பழக்க தோசம், கையை நீட்டி வாங்கினேன். யூரியா கூட. "சிறுநீரகமும் பழுதா?" என்று தங்கச்சிக்கு அழுதுகொண்டே அடித்துச் சொல்லிவிட்டேன். டொக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, இது செமித்த இரத்தம் என்றார். புண்ணிலிருந்து கசிந்த குருதி வயிற்றுக்குள் விழுந்தால் வயிற்றுக்கு அதுவும் ஒரு சாப்பாடு. குருதியில் இருப்பது புரதம். ஆட்டுக்குடலை வெட்டுவதுபோலவே அதையும் வெட்டி, அமினோ அமிலமாக்கி, சடைமுளையால் உறிஞ்சி, ஈரலுக்கு அனுப்பும். ஈரல் அதிலிருந்து யூரியா செய்யும். உறிஞ்சாமல் மிஞ்சியதுதான் கறுப்புத் தாராகக் கீழே வருகிறது. நாலு நாளாக அம்மா அம்மாவையே தின்று செமித்துக்கொண்டிருந்திருக்கிறா. மற்ற எந்தச் சாப்பாட்டையும் போல ஒழுங்காக.

புண்ணிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துக் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். வயிற்றுப் புண்ணென்றால் கவலையும் உறைப்பும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1984 இல், பரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்துவிட்டு இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவரும் றொபின் வொரனும் 2005 இல் நோபல் பரிசு பெற்றார்கள். அறிக்கை வரும்வரை, கிருமியாகவே இருக்கட்டும் என்று கோணேசரை வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். கிருமி இல்லை என்று வந்தது.

எட்டுக் கிழமை, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல். புண் ஆறிவிட்டது. முழங்காலுக்கு இப்போது எண்ணெய்த் தேய்ப்பும் பரசிற்றமோலும், காலையில் கடற்கரை மணலில் கொஞ்சம் நடையும். குளிசைத் தட்டை நீட்டி யாராவது என்னிடம் கேட்டால், தெரியாது, டொக்டரைக் கேளுங்கோ என்கிறேன். குரல் தடிக்கிறதில்லை என்று தங்கச்சி சொல்கிறாள்.

போன மாதம் மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் குடல்கறி. மிளகு பாதி. பெடியனுக்குப் பழைய கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் சீதத்தில் தொடங்கி, கேற்றுக்கு அடிக்கிற பெயின்ற் வரைக்கும் வந்திருந்தேன். அவன் கேட்டபடியே சாப்பிட்டான். நடுவில் மறித்து, "அண்டைக்கு உயிரோட இருக்கிறதாலதான் கரையேல்லை எண்டு சொன்னீங்க" என்றான். அது பிழையடா என்றேன். கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தான்.

"அப்ப அம்மம்மாட வயிறு?"

"கொஞ்சம் கரைஞ்சதுதான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா அவன் கோப்பையில் இன்னொரு துண்டு வைத்தா.